ஜனாப் பயம் அவர்களுக்கு

1996 ஆகஸ்ட் 5ஆம் திகதி திங்கட்கிழமை பின்னேரம், சாய்ந்தமருது கடலலை விளையாட்டுக் கழகத்தின் அவசரக் கூட்டத்துக்குச் சமுகமளித்தோரும் அவர்கள் இருந்த இடங்களும் வருமாறு:

தலைவர் கலந்தர் ஹாஜியார், மேசைக்குப் பின்னால், கழகத்தின் ஒரேயொரு கை வைத்த கதிரையில். பயிற்றுநர் இராசதுரை மாஸ்டர், காரைதீவிலிருந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவர், யன்னலோரம். வீரர்கள் பதின்மூவர், பாயில். பதினான்காமவனான காலிதீன், வாங்குப் பலகையில், தனியாக, எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில். தபால்காரர் பக்கீர் முகைதீன், கதவு நிலையில் சாய்ந்தபடி. இவர் கூட்டத்துக்கு வந்தவரல்லர், ஹாஜியாரின் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க நின்றவர். உளவளத்துணையாளர் பர்ஸான் எங்கேயும் இருக்கவில்லை. இருங்க என்று ஒருவரும் சொல்லாதபடியால் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

"மூண்டு பெனால்டி," என்றார் மாஸ்டர். "மூண்டும் மேலால. ஒண்டு தென்னையில. ஒண்டு மதுரசா ஓட்டில. மற்றப் பந்து இன்னும் வரல்ல."

"அது கடலுக்க போயிட்டு, சேர்," என்றது பாய்.

காலிதீன் தலையைக் குனிந்தான். அவன்தான் கழகத்தின் ஆகத் திறமான வீரன். ஓடுகிற பந்தை எந்த மூலைக்கும் அனுப்புவான். ஆனால் பந்தை நிறுத்தி வைத்து, எதிரே ஒரு கீப்பரையும் நிறுத்தி, சனமும் வாயை மூடிவிட்டால் போதும். கால் அவன் சொல்லைக் கேட்காது.

தோற்பதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான். அவனை நித்திரையில்லாமல் ஆக்கியது பட்டப்பெயர். அந்தக் கரையோரத்தில் ஒருவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைக்கிற பெயர் பள்ளிக்கூட இடாப்புக்கு மட்டுந்தான். ஊர் வைக்கிற பெயர் கபுறுக்குழி வரைக்கும் வரும், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும். எவரோ ஒருவர் நாற்பது வருசத்துக்கு முன் சந்தையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததால், அவருடைய பேத்திக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களும் "வழுக்கல் வீடு எது?" என்றுதான் கேட்டு வந்தார்கள். போன கிழமை ஐஸ்பழக்காரன் காலிதீனை "மேலால" என்று கூப்பிட்டிருந்தான். அவன் திரும்பியும் பார்த்துவிட்டான். அதுதான் ஆபத்து.

"செப்டெம்பர் முதலாம் திகதி மருதமுனையோட இறுதிப் போட்டி," என்றார் ஹாஜியார். "அதிலயும் மேலால போனா, மகன், உன்ட கலியாணக் கார்ட்டிலயும் 'மேலால காலிதீன்' எண்டுதான் அடிக்கணும்."

பர்ஸான் ஓரடி முன்னுக்கு வந்தார். "ஹாஜியார், கோளாறு கால்ல இல்ல. மனசில. எனக்கு விடுங்க."

பர்ஸானைப் பற்றி இவ்விடத்தில் சொல்ல வேண்டும். சம்மாந்துறை ஆள். கொழும்பில் இரண்டு வருசம் உளவளத்துணை படித்துச் சான்றிதழோடு வந்தவர். அந்தக் கரையில் அப்படி ஒருவர் அவர்தான் முதல். கழகத்தின் பின் அறையைக் கேட்டு வாங்கி, "உளவளத்துணை நிலையம்" என்று பலகை தொங்கவிட்டு ஆறு மாதம். ஆறு மாதத்தில் வந்தவர்கள் மூவர். ஒருவர், மகளுக்குத் துணை பார்க்க. இரண்டாமவர், பலகையில் "உளவ" வரைக்கும் வாசித்து, உளவு பார்க்கிற இடம் என்று எண்ணி, "ஆருக்குத் தம்பி?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனவர். மூன்றாமவர் மழைக்கு ஒதுங்கியவர். அவரிடம் பர்ஸான் அரை மணித்தியாலம் கதைத்தார். மழை விட்டதும் அவர் போய்விட்டார்.

"உலகக் கிண்ணம் எடுத்த கிரிக்கெட்காரனுகளுக்கும் மனசுக்கு ஆள் வெச்சா பழக்கின?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வெச்சிருந்தா இன்னும் சுகமா எடுத்திருப்பாங்க," என்றார் பர்ஸான்.

ஹாஜியாருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "சரி. இவன் இறுதிப் போட்டியில பெனால்டி அடிச்சா அறை உங்கட. பிழைச்சா அதுக்குள்ள பொடியனுகள் விளையாடக் கரம்போட் வைக்கிற."

பக்கீர் முகைதீன் கையெழுத்துத் துண்டை மடித்து, இவ்வளவையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், சைக்கிளை எடுத்தார்.

முதலாவது முறை, கற்பனை.

"கண்ணை மூடு, தம்பி. மைதானம் தெரியுதா? சனம். பந்து. நீ மெல்ல மெல்ல மூச்செடுக்கிறாய். இப்ப என்ன தெரியுது?"

பர்ஸான் குனிந்து பார்த்தார்.

"காலிதீன்?"

குறட்டை வந்தது.

இரண்டாவது முறை, கூச்சலுக்குப் பழக்குதல். பதின்மூன்று வீரர்களையும் அறைக்கு முன்னால் நிறுத்தி "மேலால! மேலால!" என்று கத்தவிட்டு, நடுவில் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். பந்து பலகையில் பட்டது. "உளவளத்" என்ற பாதி கீழே விழ, "துணை நிலையம்" மட்டும் தொங்கியது. அடுத்த நாள் காலையிலேயே இரண்டு பேர் மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள்.

மூன்றாவது முறை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது பர்ஸானின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்கு இருந்த பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

"உன்ட பயத்துக்கு ஒரு காயிதம் எழுது."

"ஆருக்கு, சேர்?"

"பயத்துக்கு. அது ஒரு ஆள் எண்டு நினை. எங்க இருக்கு அது?"

காலிதீன் யோசித்தான். "நெஞ்சுக்க, சேர். பெனால்டி அடிக்கக்கொள்ள மட்டும் கோல் கம்பத்துக்கு நடுவில போய் நிக்கும்."

"அதான் விலாசம். எழுது, ஒட்டு, தபால்பெட்டியில போடு. போட்டாப் போனதுதான். திரும்பி வராது."

ஹாஜியார் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்த சிரிப்பில் தொப்பி ஒரு பக்கம் சரிந்தது. "பயத்துக்குக் காயிதமா? எழுதுங்க, எழுதுங்க. பயம் நல்ல ஆள். மறுமொழி போடும்." இராசதுரை மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். வெளியூர்க்காரனை எல்லாரும் நையாண்டி பண்ணுவதுதான் என்று பர்ஸான் பொறுத்துக்கொண்டார்.

காலிதீன் சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தவன். கடிதம் என்றால் எப்படி எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். அப்படியே எழுதினான்:

"ஜனாப் பயம் அவர்கள், கோல் கம்பத்துக்கு நடுவில், பொது மைதானம், சாய்ந்தமருது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நலம். தங்கள் நலமறிய ஆவல். தாங்கள் நீண்ட காலமாக எனது நெஞ்சில் இருந்து வருகிறீர்கள். இக்கடிதம் கண்ட பத்துத் தினங்களுக்குள் அங்கிருந்து வெளியேறி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, கா. காலிதீன்."

உறையின் பின்பக்கம் தன் விலாசத்தையும் எழுதினான். அதற்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு புள்ளி.

நாலாம் நாள் அவன் பர்ஸானின் அறைக்கு வந்தபோது முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது.

"சேர், மறுமொழி வந்திருக்கு."

பர்ஸான் உறையை வாங்கிப் பார்த்தார். முத்திரை, தபால் அடையாளம், எல்லாம் ஒழுங்கு. உள்ளே ஊதா மையில், சாய்வான எழுத்தில்:

"வஅலைக்கும் ஸலாம். தங்கள் 9ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் தங்கள் நெஞ்சில் எனக்கு இடமிருப்பதை அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி. ஆனால் வெளியேறுமாறு கேட்டுள்ளீர்கள். நான் செய்த பிழை என்ன என்று விளங்கவில்லை. இப்படிக்கு, பயம்."

பர்ஸான் கதவைச் சாத்தினார். இவனே எழுதியிருக்கிறான்! தன் பயத்தின் வாயால் தானே கதைத்திருக்கிறான். கையெழுத்துக்கூட மாறியிருக்கிறது. கொழும்பில் வெள்ளைக்காரப் பேராசிரியர் இரண்டு வருசம் படிப்பித்தும் இப்படியொரு நோயாளியைக் காட்டவில்லை.

"ஓம்," என்றார், குரலை அடக்கி. "வரும். நீயும் எழுது."

"விளங்குது, சேர்," என்றான் காலிதீன், இன்னும் அதே சிரிப்போடு.

அடுத்த நாள் அறைக்கு வந்தவர் காலிதீனின் உம்மா, உம்மு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கதிரையில் இருந்தார். பின் அறைக்குத் தானாக வந்து கதிரையில் இருந்த முதல் ஆள் அவர்தான்.

"தம்பி, நீங்க துணை பாக்கிறவர்தானே?"

"இல்ல உம்மா, நான்..."

"பலகையில இருக்கு. சும்மா மறைக்காதீங்க. என்ட மகனுக்கு எந்தப் பெட்டையிட காயிதத்தக் குடுக்கிறீங்க? 'தங்கள் நெஞ்சில் எனக்கு இடமிருப்பதை அறிந்து மகிழ்ச்சி'யாம்! பேரைக்கூட எழுதல்ல கள்ளி. பயமாம்! பயமிருக்கிறவள் நெஞ்சுக்க ஏறி இருப்பாளா?"

பர்ஸான் அரை மணித்தியாலம் விளக்கினார். உம்மு கவனமாகக் கேட்டார். கடைசியில் எழும்பும்போது, "சரி தம்பி. நல்ல குடும்பமா எண்டு மட்டும் சொல்லுங்க," என்றார்.

இரண்டாவது கடிதத்தில் காலிதீன் தன் மூன்று பெனால்டிகளையும் விவரமாக எழுதி, காரணம் கேட்டான். மறுமொழி சுருக்கமாக வந்தது: "நீங்கள் பந்தை வைத்துவிட்டு ஏழடி பின்னுக்குப் போகிறீர்கள். ஏழடிக்கு ஏழு யோசனை. நாலடி போதும். அடிக்கும்போது வானத்தைப் பார்க்க வேண்டாம். வானத்தில் கோல் இல்லை."

பர்ஸான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "ஏழு," என்றார். "ஏழு... தம்பி, ஏழு வயசில உனக்கு என்ன நடந்த?"

காலிதீன் வெட்கப்பட்டான். "சுன்னத் நடந்த, சேர்."

பர்ஸான் அதைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

பயிற்சியில் காலிதீன் நாலடி பின்னுக்குப் போய் அடித்தான். பந்து மேலால் போகவில்லை. பக்கத்தால் போய், கோட்டோரம் நின்று பார்த்த ஹாஜியாரின் வயிற்றில் பட்டது. ஹாஜியார் மணலில் பொத்தென்று இருந்தார்.

"மேலால இப்ப பக்கத்தாலயா மாறிட்டு," என்றது கூட்டம்.

"சேர், பட்டம் ரெண்டாயிட்டு!" என்று ஓடிவந்தான் காலிதீன்.

பர்ஸானுக்கும் பொறுமை போனது. "நீ மரியாதையா எழுதுற. அதான் ஏறி மிதிக்குது. ஏசி எழுது. நாக்கைப் பிடுங்குற மாதிரிக் கேளு!"

காலிதீன் ஏசி எழுதினான். "நீ ஒரு கோழை" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். தாழ்மையும் இல்லை, உண்மையுள்ளவும் இல்லை.

மறுமொழி வரவில்லை. ஒரு நாள், நாலு நாள், ஆறு நாள். இறுதிப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலிதீன் கண் சிவந்து வந்து நின்றான்.

"சேர், பயம் கோவிச்சிட்டுப்போல. மறுமொழி இல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எதுக்குப் பயம்?"

"பயம் என்ன நினைச்சிட்டோ எண்டு பயம், சேர்."

புத்தகத்தில் இதற்கு வழியில்லை. பையனின் உள்மனம் அடைத்துக்கொண்டது என்று தீர்மானித்த பர்ஸான், தன் வாழ்க்கையில் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். நீல மையில், தானே பயமாகி ஒரு கடிதம் எழுதினார்: "அன்பனே, நான் உன் எதிரியல்லன். உன் உள்ளத்தின் காயப்பட்ட ஒரு பகுதி. என்னை அரவணைத்துக்கொள்." ஒருவரும் காணக்கூடாதென்று கல்முனைக்கு பஸ்ஸில் போய் அங்கே போட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலிதீன் இரண்டு உறைகளோடு வந்தான்.

"சேர், ரெண்டு பயம் வந்திருக்கு."

"ரெண்டா?"

"ஓம். நீல மைப் பயம் அரவணைக்கச் சொல்லுது. சனத்துக்கு முன்னால மருதமுனைக் கீப்பரை எப்பிடி சேர் அரவணைக்கிற? ஊதா மைப் பயம் வேற கதை சொல்லுது."

பர்ஸான் ஊதா மைக் கடிதத்தை வாங்கினார்.

"என்னைக் கோழை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை என்னைப் பார்த்து இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆகையால் எட்டு நாள் எழுதவில்லை. ஆயினும் ஊரின் பெயர் போகக்கூடாது என்பதால் ஒரு இரகசியம் சொல்கிறேன். நான் நடுவில் நிற்பதாக நினைத்து, என்னைத் தப்புவதற்காக நீங்கள் மேலாலும் பக்கத்தாலும் அடிக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் காலைத் தூக்கும்போதே நான் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவேன். நடு எப்பொழுதும் வெறுமை. அங்கே அடியுங்கள்."

பர்ஸான் அதை மூன்று முறை வாசித்தார். நடு எப்பொழுதும் வெறுமை. நெஞ்சுக்கு நடுவில் பயம் இல்லை என்று ஒரு மீன்பிடிகாரன் மகன் தனக்குத்தானே எழுதியிருக்கிறான்! அதற்குப் பக்கத்தில் தன் நீல மைக் கடிதம் பள்ளிக்கூடக் கட்டுரைபோல் கிடந்தது. அவருக்குக் கொஞ்சம் வெட்கம், மிச்சமெல்லாம் பெருமை.

"எதைக் கேக்கிற, சேர்?"

நீல மைக் கடிதத்தை எடுத்து நாலாய்க் கிழித்தார். "ஊதாவைக் கேளு."

செப்டெம்பர் முதலாம் திகதி பொது மைதானத்தில் நிற்க இடமில்லை. மருதமுனையிலிருந்து நாலு லொறியில் சனம். மதுரசா மதிலுக்குப் பின்னால் பெண்கள், முன்வரிசையில் உம்மு. கோல் கம்பத்துக்குப் பின்னால், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, பக்கீர் முகைதீன். ஹாஜியார் இம்முறை வயிற்றுக்கு முன்னால் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆளுக்கொரு கோல். முடிய ஆறு நிமிசம் இருக்கையில் மருதமுனைக்காரன் ஒருவனுடைய கையில் பந்து பட்டது. விசில்.

சனம் வாயை மூடியது. கடல் இரைவது கேட்டது.

காலிதீன் பந்தை வைத்தான். "மேலால!" என்று எங்கிருந்தோ ஐஸ்பழக்காரன் கத்தினான். காலிதீன் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றான். வானத்தைப் பார்க்கவில்லை. ஓடினான்.

மருதமுனைக் கீப்பர் நல்ல கீப்பர். வலது பக்கம் அழகாகப் பாய்ந்தான். பந்து அவன் நின்றிருந்த இடத்தால், அவசரமே இல்லாமல், நேராக உள்ளே போனது.

அதற்குப் பிறகு என்ன சத்தம் என்று எழுதுவதற்கு இந்தக் கடதாசி காணாது. காலிதீனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஓடியது. உம்மு மதிலுக்கு மேலால் ஏறி, "என்ட மகன்! என்ட மகன்!" என்று கத்தினார். ஹாஜியார் பர்ஸானைக் கட்டிப்பிடித்தார். "அறை உங்கட! கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டுத் தாறன்!"

தோளில் இருந்தபடியே காலிதீன் குனிந்து பர்ஸானின் கையைப் பிடித்தான். "எல்லாம் அந்தக் காயிதந்தான், சேர்."

"அது உன்னிட இருந்து வந்த காயிதம், தம்பி," என்றார் பர்ஸான்.

மறுமொழி எழுதியது சேர்தான், பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படித்தான் பணிவாகக் கதைப்பார்கள் என்று காலிதீன் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை பர்ஸான் கொழும்புப் பேராசிரியருக்கு அறிக்கை எழுதி முடித்தார். பதினொரு பக்கம். "நோயாளர் தன் பயத்தின் குரலில் தானே மறுமொழி எழுதியமை" என்பது மட்டும் ஆறு பக்கம். பிற்சேர்க்கையாக ஊதா மைக் கடிதங்களின் பிரதிகள். உப தபாற்கந்தோரில் தபாலதிபர் தொழுகைக்குப் போயிருந்தார். பக்கீர் முகைதீன் இருந்து பை கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய காயிதமா இருக்கு, சேர்," என்று பசைப் போத்தலைத் தள்ளினார். அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு வளைந்திருப்பதைப் பர்ஸான் அன்றைக்குத்தான் கவனித்தார்.

"காலிதீன்ட கதைதான், காக்கா. இது கொழும்பில இல்ல, லண்டனில இல்ல, சாய்ந்தமருதில உண்டான முறை. பயத்துக்குக் காயிதம் எழுதினான். பயத்துட பேரில அவனே மறுமொழியும் எழுதினான். ஆறு பக்கம் அதைத்தான் எழுதியிருக்கன்."

பக்கீர் முகைதீன் உறையை ஒட்டினார். நிறுத்தார். முத்திரை குத்தினார். பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி அச்சுப் பதித்தார். வாசலில் நின்ற தபால் வானில் பையை ஏற்றினார். வான் கல்முனைப் பக்கம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஊதாப் பேனையை எடுத்துத் துடைத்தார்.

"பதினேழு வருசம் இந்த ஊருக்குக் கோல் காத்தவன் நான், சேர், அந்தக் காலத்தில அடிக்க வந்தவனுகள் எனக்கு வெச்ச பட்டமே 'பயம்'தான், எனக்கு வந்த காயிதத்துக்கு வேற ஆர் மறுமொழி போடுற?"